புருஷனைச் சேர்க்காத வேலைச் சீட்டு

சுசீலா சிஸ்டர் போய்விட்டார் என்ற செய்தியை, ராபர்ட்சன்பேட்டையிலுள்ள என் தையல் கடைக்கு அவர் கணவன் அரங்கனே வந்து சொன்னான். சொல்வதற்குள் மூன்று முறை இருமினான். இவனை விட்டுவிட்டு அவர் முதலில் போனது எனக்குச் சுத்த அநியாயமாகப் படுகிறது.

ஊரிகம் தங்கச் சுரங்கத்து லைன் வீட்டுக்காரர்களே, சிஸ்டர் ஊசி குத்தாத கை உங்களில் யாருக்கு உண்டு? அவர் வார்டுக்குள் நுழைந்தால் காய்ச்சலே எழுந்து நின்று வழிவிடும். சுரங்கத் தூசி குடியேறிய நெஞ்சுகளிடம் மட்டும் அவர் அதிகாரம் செல்லவில்லை. அரங்கன் பாதாளத்தில் பாறைக்குத் துளை போடுகிறவன். வார்டில் கேட்ட இருமல் ஒருநாள் வீட்டிலும் கேட்டது. இவனை லண்டனுக்குக் கூட்டிப்போய்விடுவது என்று சிஸ்டர் முடிவுகட்டினார். அறுபதுகளின் தொடக்கம் அது. நர்ஸுகளுக்கு அங்கே குடியேறி வேலைபார்க்க வேலைச் சீட்டு கொடுத்தார்கள். அவருக்கும் கிடைத்தது. அரங்கனுக்கு நான் ஒரு ஓவர்கோட் தைத்தேன். அதைப் போர்த்தினால் இமயமலைக்கும் வியர்க்கும்.

சீட்டு விஷயமாக மதராஸிலிருந்த பிரிட்டிஷ் அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பாளனாக நானும் எழுந்தருளினேன். என் இங்கிலீஷ் ‘குட்மார்னிங்’கோடு தீர்ந்தது. நல்லவேளை, அதிகாரி தமிழர். சீட்டு வாங்கிய ஆண் மனைவியை அழைத்துக்கொள்ளலாம். சீட்டு வாங்கிய பெண்ணுக்குக் கணவனை அழைக்க உரிமையில்லை என்றார். அரங்கன் தனியாக மனுப் போட வேண்டுமாம். அங்கே வேலை உறுதியானவர்களுக்கு ஒரு வரிசை, சான்றிதழ் உள்ள தொழிலாளிக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்குக் கடைசி வரிசை. அதன் வால் கன்னியாகுமரிக் கடலுக்குள் கிடந்தது.

“நான் போவறதே இவரைச் சுரங்கத்துலேர்ந்து மேல இழுக்கத்தான் சார். இவரை வுட்டுட்டுப் போயி நான் இன்னா பண்றது?” என்றார் சிஸ்டர்.

“சட்டம் அப்படிம்மா.”

“அப்போ என்னைப் பொண்டாட்டின்னு எழுதிக்கோங்க சார்,” என்றான் அரங்கன். யாரும் சிரிக்கவில்லை.

சீட்டு காலாவதியானது. அவனுக்குச் சுரங்கத்துக்கு வெளியே, தரைமேல் வேலை கேட்டு சிஸ்டர் ஏறி இறங்கிய படிகளை அடுக்கினால் நிலவுக்கே போய்வரலாம். மாற்றல் ஒருவழியாக வந்தபோது, இருமல் அவன் நெஞ்சில் குடியுரிமையே வாங்கிவிட்டிருந்தது.

கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது சிஸ்டர் என்னிடம் சொன்னார்: “அண்ணே, இவரை உங்க கடையில உக்கார வெச்சுக்கோங்க. நீங்க புளுகினா இவருக்குக் கோவம் வரும். கோவம் வந்தா எழுந்து நாலடி நடப்பாரு.”

சிஸ்டர் எனக்கென்று விட்டுப்போனது இவனைத்தான். காலையிலேயே வந்து மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான். நேற்று, அந்தச் சட்டத்தை எழுதியவரே லண்டனிலிருந்து வந்து சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனதாக ஒன்று அவிழ்த்துவிட்டேன்.

அவனுக்குக் கோபம் வரவில்லை.

“அவ இன்னா சொன்னா?” என்று கேட்டான்.