பூஜ்யம் போட்ட கட்டம்

முதலில் என் கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்று இன்றைக்கும் எனக்குச் சரியாக வராது. வாயால் சொல்ல வேண்டியதைக் கூச்சத்தால் சொல்லாமல் விட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் ஒரு மாடி அறைதான் எங்கள் ஆபீஸ். முதலாளி, புரோகிராம் எழுதும் பெண், நான், மொத்தம் மூன்று பேர். எந்த ஊரில் யாரிடம் எத்தனை ஆடு இருக்கிறது என்று கேட்டுப் பதிந்து, தடுப்பூசி வண்டிக்குப் பட்டியல் கொடுப்பது எங்கள் வேலை. மொபெட்டில் ஊர் ஊராகப் போய்ப் போனில் பதிவது என் பங்கு.

அந்தப் பெண் புரோகிராமை ரஸ்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினாள். ரஸ்ட் என்றால் துரு என்று அர்த்தமாம். "புதுப் புரோகிராமுக்குத் துருப்பிடிச்ச பேரா?" என்று முதலாளி சிரித்தார்.

"துருப்பிடிச்சாலும் பூட்டு பூட்டுதான் சார்" என்றாள் அவள்.

எனக்கும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். "அண்ணாச்சி, இது ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போகுத கேள்வி. இது எப்பவும் மாறாது. ஊரு, ஆளு, ஆட்டு எண்ணிக்கை, இது மூணுந்தான் மாறும். அதுக்குப் பேரு வேரியபிள். நீங்க போன்ல போடுத பதில் கேள்விக்குள்ள கலக்காது, தனியா வரும். வந்ததும் ஒவ்வொண்ணையும் என் புரோகிராம் நிறுத்தி வச்சு, நீ எண்ணுதானா, எழுத்துதானான்னு பாக்கும். சரியில்லைன்னா கேள்வி கிளம்பவே செய்யாது."

எண்ணிக்கைக் கட்டத்தில் கழுகுமலை என்று அடித்துக் காட்டினாள். சிவப்பாக வந்தது. கழித்தல் குறி போட்டு ஐந்து என்று அடித்தாள். அதுவும் சிவப்பு.

பிறகு திரையில் எண்ணிக்கை என்ற வேரியபிளுக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டாள். "இந்தக் குறி இருந்தா கட்டாயம் எண்ணு வேணும், காலியா விட முடியாது. எண்ணிக்கை சொல்லாத ஆளு இருப்பாவளா அண்ணாச்சி? இருந்தாச் சொல்லுங்க, குறியை எடுத்துட்டு வேற மாதிரி எழுதுதேன்."

என் அப்பாவும் ஆடு மேய்த்தவர்தான். எங்கள் ஆட்களில் பலர் வெளியாளிடம் எண்ணிக்கை சொல்ல மாட்டார்கள். வாய்விட்டுச் சொன்னால் குறைந்துபோகும் என்று நம்பிக்கை. அப்பா ஒருநாளும் எண்ணியதில்லை. ஒவ்வொரு ஆட்டையும் முகம் பார்த்தே தெரிந்துவைத்திருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் முதலாளி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இன்னும் இப்படியா இருக்கிறார்கள் என்று கேட்பாரோ என்று வெட்கமாக இருந்தது.

"எல்லாரும் சொல்லுவாவம்மா" என்றேன்.

ஆவணியில் வேலை தொடங்கியது. எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்தில் நிறையப் பேர் குத்துமதிப்பாக ஏதோ ஒரு எண் சொன்னார்கள். நாகலாபுரத்துக்குக் கிழக்கே, விதைப்புக்காகக் காத்துக் கிடந்த கரிசலில் ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

"எத்தனை உருப்படின்னு சொன்னாப் போதும் அண்ணாச்சி."

"நீ யாரு மகன்லே?"

சொன்னேன்.

"ஆட்டுக்காரன் மகனா இருந்துக்கிட்டு இப்படிக் கேக்குத. உங்க அய்யா எண்ணிச் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

"இல்ல."

"பெறகென்ன? எண்ணி அடுக்குததுக்கு இது என்ன தீப்பெட்டியா? ஊசி வண்டிய வரச் சொல்லு. வந்து கண்ணால பாத்துக்கிடட்டும்."

கட்டத்தைக் காலியாக விட்டேன். போன் ஏற்கவில்லை. 'நிறைய' என்று அடித்தேன். சிவப்பு. 'சொல்லல' என்று அடித்தேன். சிவப்பு. ஆபீசுக்குப் போன் போட்டிருக்கலாம். போட்டால், எல்லாரும் சொல்லுவார்கள் என்றீர்களே என்று அவள் கேட்பாள். பூஜ்யம் போட்டேன். பச்சையாக வந்தது. பூஜ்யம் என்றால் ஒன்றும் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"வண்டி வந்துரும் அண்ணாச்சி" என்று அவரிடம் சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தேன்.

வண்டி நாகலாபுரம் வரை போனது. ஆடே இல்லாத ஆளுக்கு எதற்கு ஊசி? பட்டியலில் அவர் பெயருக்கு நேரே மருந்து இல்லை. அவரைத் தேடாமலே திரும்பிவிட்டார்கள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு நீலநாக்கு நோய் வந்தது. வண்டி வரவில்லை என்று அவர் ஆபீசுக்குப் போன் செய்தார். போய்ப் பார்த்தேன். உதடு வீங்கி, வாயில் நுரை தள்ளி, நொண்டிக்கொண்டு நின்றன ஆடுகள். எத்தனை செத்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். பட்டியில் இடம் நிறையக் கிடந்தது. "உன்னத்தாம்லே நம்புனேன்" என்றார். நான் செய்ததைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

ஆபீசில் முதலாளி அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். "பூட்டு பூட்டுன்னியேம்மா, துரு ஏறிட்டோ?"

மூன்று நாள் அவள் தன் புரோகிராமிலேயே தப்பைத் தேடினாள். மூன்று நாளும் நான் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இந்தப் பூஜ்யம் எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல அண்ணாச்சி. காலியா வந்ததை என் புரோகிராமே பூஜ்யமா மாத்திருச்சோன்னு பயமா இருக்கு."

"அது நான் போட்டதும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், அப்பா எண்ணாததையும் சேர்த்து.

"பூஜ்யமும் எண்ணுதான அண்ணாச்சி. அதான் உள்ள விட்டுருச்சு. நான் அதையும் யோசிச்சிருக்கணும்" என்றாள். முதலாளியிடமும் பாதித் தப்பு தன்னுடையது என்றே சொன்னாள். இல்லை என்று சொல்ல நான் வாய் திறக்கவில்லை. அதையும் இங்கே எழுத வேண்டும்.

மறுநாள் ஆச்சரியக்குறியை எடுத்தாள். அந்தக் கட்டத்துக்கு மூன்று வழி வைத்தாள்: எண் சொன்னார், சொல்ல விரும்பவில்லை, இன்னும் கேட்கவில்லை. இரண்டாவதை அழுத்தினால் வண்டி நேரே போய்ப் பார்த்துக்கொள்ளும். மூன்றில் ஒன்றுக்கு என்ன செய்வது என்று எழுத மறந்தாலும் அந்த மொழி புரோகிராமை ஓட விடாதாம். வேண்டுமென்றே ஒன்றை விட்டு ஓட்டிக் காட்டினாள். விட்டது எது என்றுகூடத் திரையில் வந்தது.

நேற்று நாகலாபுரம் போனேன். அவர் பெயரை எடுத்து, சொல்ல விரும்பவில்லை என்பதை அழுத்தினேன். பிறகு சொன்னேன். "அண்ணாச்சி, வண்டி வராம போனதுக்கு நான்தான் காரணம். உங்களுக்குப் பூஜ்யம்னு போட்டுட்டேன்."

அவர் என் போனை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார். "பூஜ்யமா? இம்புட்டு ஆடும் உன் கண்ணு முன்னாலதான நின்னுச்சு?"

அவ்வளவுதான் கேட்டார். கம்பை எடுத்துக்கொண்டு ஆடுகளை ஓட்டிப் போய்விட்டார். சேறு அப்பிய மொபெட்டைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன்.

கார்த்திகை மாதம், மூன்றாம் செவ்வாய்க்கிழமை.