வெள்ளைச் செருப்புப் பூவும் காளிதாசனின் கைராசியும்

ஷிரீன் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை காலையில், கடையைப் பூட்டிவிட்டு எங்கேயாவது போய்விடலாமா என்று காளிதாசனுக்குத் தோன்றியது. சுங்கை லாலாங்கில் செடிக்கடை போட்ட இத்தனை வருடத்தில் யாரைக் கண்டும் ஒளிந்தவர் இல்லை அவர். எஸ்டேட்டில் புல்லுக்கு மருந்தடித்துப் பிழைத்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனாலும் அவர் கைபட்டுக் காய்ந்த செடி கிடையாது என்று பக்கத்து ஊரான பீடோங் வரைக்கும் பேர். புது வீடு கட்டியவர்கள் முதல் வாழைக்கன்றை அவர்தான் நட வேண்டும் என்று காரிலேயே வந்து கூட்டிப் போவார்கள். திரும்பி வந்ததும், "என் கைராசி அப்படி. விளக்குமாத்துக் குச்சிய நட்டாலும் துளிர்க்கும்" என்பார். கேட்டுக் கேட்டு மனைவி லோகேஸ்வரிக்குக் காது புளித்துவிட்டது.

இப்போது கொட்டகைக்குப் பின்னால் வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் கறுத்துச் சுருண்ட இலை.

ஷிரீன், சுங்கை பட்டாணியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். பல்கலைக்கழகத்தில் காட்டுப்பூக்களை ஆராய்பவள். பாலிங் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றில், பாறை இடுக்குகளில், செருப்பின் முனைபோல் குவிந்த வெள்ளைப் பூ பூக்கும் ஆர்க்கிட்டை அவளுக்குக் காட்டிக்கொடுத்ததே காளிதாசன்தான். போன வருடம் அங்கே உட்கார்ந்து ஈக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பூவுல தேனே இல்ல அங்கிள். முட்டை போட நல்ல இடம்னு ஈய ஏமாத்தி உள்ள இழுக்குது. வெளிய போற வழியில மகரந்தத்த முதுகுல ஒட்டி அனுப்பிடுது."

"கெட்டிக்காரப் பூ!"

"சுண்ணாம்புப் பாறை இல்லாத இடத்துல இது பிழைக்காது. அதனால ஒவ்வொரு குன்றும் இதுக்கு ஒரு தீவு மாதிரி. எத்தனையோ ஆயிரம் வருஷம் தனித்தனியாவே இருந்து, குன்றுக்குக் குன்று கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கு."

காளிதாசன் தலையாட்டினார். மனசுக்குள் வேறு நினைப்பு ஓடியது. பாறையில் பட்டினி கிடந்தே இப்படிப் பூக்கிறது என்றால், என் மண்ணில் வைத்தால் எப்படிப் பூக்கும்!

இந்த வருடம் மழை விட்டதும் தனியே போனார். குன்றடியில் முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி உத்தரவு வாங்கிக்கொண்டார். பிறகு பாறையைக் கவ்வியிருந்த வேர்களைக் கத்தியால் நெம்பி, ஒன்று விடாமல் ஒரே சாக்கில் போட்டார். வீட்டில் வேரில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை அழுக்குப்போல் தேய்த்துக் கழுவினார். நல்ல கறுப்பு மண், எண்ணெய் எடுத்த செம்பனைக் கழிவு, கோழி எரு. ஷிரீன் வரும்போது பூத்துக் குலுங்க வேண்டும். படித்த பிள்ளை வாயடைத்து நிற்க வேண்டும்.

இலை மஞ்சளானது. யாரையாவது கேட்டிருக்கலாம். காளிதாசன் செடியைப் பற்றி இன்னொருவரைக் கேட்பதா? சுண்ணாம்பில் வளர்ந்தது, சுண்ணாம்பைக் கொடுத்தால் தேறிவிடும் என்று வெற்றிலைக் கடையில் டின் டின்னாகச் சுண்ணாம்பு வாங்கிவந்து, கரைத்து ஊற்றினார். மலைக்கல் வேறு, நாக்கைப் புண்ணாக்கும் சூளைச் சுண்ணாம்பு வேறு என்பது வேர் வெந்து கிடந்தபோதுதான் உறைத்தது.

"பாக்கு ஒண்ணுதான் குறைச்சல்," என்றாள் லோகேஸ்வரி. "அதையும் வச்சிருந்தா செடியே மென்னு துப்பியிருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் புள்ள கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க."

"சொல்றேன்லா."

சொல்லவில்லை. சனிக்கிழமை ஷிரீனின் காரில் பாலிங் போகும் வழியெல்லாம் அவளேதான் பேசினாள். மற்ற குன்றுகளைப் பார்த்து முடித்துவிட்டாளாம். இந்தக் குன்றின் பூவையும் அளந்து, இலை மாதிரி எடுத்துவிட்டால் ஆராய்ச்சி முழுமையாகிவிடுமாம். காளிதாசன் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குன்றில் ஏறும்போது மூட்டு வலி என்று பின்தங்கினார். அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் வெறும் பாறைமேல் கத்திக் கீறல்களைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"யாரோ சுரண்டி எடுத்துட்டாங்க அங்கிள். ஒண்ணுகூட விடல. மனசாட்சியே இல்லாத ஜென்மங்க!"

"ஆமாம்மா," என்று அவர் வாய் சொல்லிவிட்டது. சொன்ன வாயை அறுத்துப் போடலாம்போல் இருந்தது.

"கீழ இருக்குற கம்பத்துக் கிராமத்துப் பசங்க வேலையாத்தான் இருக்கும். வனத்துறைக்கு ஃபோன் போடறேன்." கைப்பேசியை எடுத்தாள்.

"போடாதம்மா. நான்தான்."

அவள் முதலில் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கோழி எருவையும் வெற்றிலைச் சுண்ணாம்பையும் அவர் சொல்லி முடித்ததும் அவள் கைப்பேசியைப் பையில் போட்டாள்.

"எது எந்த இடுக்குல இருந்துச்சுன்னாவது ஞாபகம் இருக்கா?"

"எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டுட்டேன்மா."

"செத்ததையாவது வச்சிருக்கீங்களா?"

"இருக்கு. தூக்கிப் போட மனசு வரல."

"அத அப்படியே வைங்க. காஞ்ச இலையில இருந்து கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம்."

திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ எழுந்துபோய் இடுக்கு இடுக்காகத் தேட ஆரம்பித்தாள். வெயில் ஏறியபின், அவர் கண்ணுக்குத் தப்பிய மேல்வெடிப்பு ஒன்றின் முன்னால் நின்றாள். நகக்கண் அளவுக்கு ஒரு கன்று, பாசிக்குள் இரண்டு இலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

காளிதாசன் பழக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு கிட்டே போனார், பாசியை விலக்கிவிட.

"தொடாதீங்க!"

குன்றே அதிர்ந்ததுபோல் இருந்தது அவருக்கு. அவளுக்கே சங்கடமாகிவிட்டது. "அங்கேயே நில்லுங்க அங்கிள்... ப்ளீஸ்."

நின்றார். நீட்டிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் படமெடுத்து முடிக்கும்வரை வெயிலிலேயே நின்றார்.