முள்ளக்கா சொன்ன பதினேழு

மரவள்ளிக்கிழங்கில் மாவு எடுக்கும் ஆலையின் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாட்களில், இந்த ஆலைக்கு முதலாளி யார் என்று ஓட்டுநர்களைக் கேட்டால் மாடியில் இருக்கும் மேலாளரைக் காட்ட மாட்டார்கள். எடைமேடைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில், ஒரு தண்ணீர்த் தொட்டியோடும் ஒரு தராசோடும் நிற்கிற பெண்ணைத்தான் காட்டுவார்கள். தராசின் முள் காட்டுவதைப் படித்துச் சொல்பவள் என்பதால் அவளுக்கு முள்ளக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. வயது நாற்பத்து நான்கு. குரலைக் கேட்டால் இருபது வயது குறைத்துச் சொல்லலாம்.

வேலை இதுதான். ஒவ்வொரு லாரியிலும் நாலு இடத்தில் கையை விட்டுக் கிழங்கு எடுப்பாள். மேலே பளபளவென்று அடுக்கியிருப்பதைத் தொடவே மாட்டாள். மண்ணைச் சுரண்டி, காம்பை நறுக்கி, கூடையில் சரியாக ஐந்து கிலோ நிறுத்து, அந்தக் கூடையைத் தராசுக் கம்பியில் தொங்கவிட்டபடியே தொட்டித் தண்ணீருக்குள் இறக்குவாள். மாவுச்சத்து நிறைந்த மரவள்ளிக்கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனக்கும். சத்தில்லாதது கனம் காட்டாது. அதை வைத்து நூற்றுக்கு எத்தனை பங்கு மாவு என்று முள் சொல்லிவிடும். இருபத்தாறு நல்ல கிழங்கு, இருபது சுமார், பதினெட்டுக்குக் கீழே போனால் லாரியைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதுதான்.

முள் நின்றதும், வரிசையின் கடைசி லாரிக்கும் கேட்கிற மாதிரி எண்ணைக் கத்திச் சொல்வாள். அப்புறம்தான் சீட்டில் எழுதுவாள். முதல் வருஷம் ஒருவன், "எனக்கு மட்டும் குறைச்சு எழுதிட்டீங்க" என்று சண்டைக்கு வந்தான். மறுநாளிலிருந்து கத்த ஆரம்பித்தவள்தான். பதினோரு வருஷமாக அந்த வாசலில் இரண்டாவது சண்டை நடந்ததில்லை.

இவ்வளவு பேர் வாங்கியவளுக்கு வேலை மட்டும் நிரந்தரம் இல்லை. அந்த வட்டாரத்தில் எல்லோரும் மழையை நம்பி ஒரே சமயத்தில் நடுவார்கள், பத்து மாதம் கழித்துத் தோண்ட ஆரம்பிப்பார்கள். ஏழு மாதம் ஆலை ஓடும். கிழங்கு தீர்ந்ததும் ஐந்து மாதம் பூட்டிக் கிடக்கும். பூட்டுகிற அன்று மேலாளர், "அடுத்த சீசனுக்குச் சொல்லி அனுப்பறேன்மா" என்பார். சொல்லி அனுப்பினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அந்த ஐந்து மாதமும் அவள் அடுத்தவர் வயலில் களை பிடுங்குவாள். பதினோரு தடவை கேட்ட வாக்கியம்தான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் அரிசிப் பானையை அளந்து பார்ப்பாள். தைரியசாலிக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அந்த வருஷம் சீசனுக்கு மூன்று மாதம் முன்பே ஆள் வந்தது. மேலாளர் கூப்பிடுகிறாராம். போனால், மனிதர் கால் தரையில் பாவாமல் நடந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, வெளிநாட்டு முதலீட்டு நிதி ஒண்ணு நம்ம ஆலையில பங்கு வாங்கப் போகுது. நாளன்னிக்கு ஆள் வந்து பார்க்கறாங்க. அவங்க பணம் வந்தா இதுக்குப் பக்கத்துலயே ரெண்டாவது ஆலை. இதைவிட ரெண்டு மடங்கு பெருசு. உனக்கு நிரந்தர வேலை, எழுதியே தர்றேன்."

நிதி என்றால் என்ன என்று அவரே விளக்கினார். கடலுக்கு அப்பால் ஆசிரியர்களும் செவிலியர்களும் வயதான காலத்துக்கென்று சேர்த்த பணத்தைத் திரட்டி, இந்த மாதிரி நாடுகளில் ஆலைகளிலும் கிடங்குகளிலும் போடுவார்களாம். ஏழெட்டு வருஷம் வைத்திருந்து, தொழில் வளர்ந்ததும் பங்கை விற்றுவிட்டு லாபத்தோடு கிளம்புவார்களாம்.

"எல்லாம் சரி சார், இப்ப ஆலையில ஒரு கிழங்குகூட இல்லையே, எதைக் காட்டுவீங்க?"

"அதுக்குத்தான் சொல்லியிருக்கேன். முப்பது லாரி வருது. காலி முற்றத்தைப் பார்த்துட்டு யாரும்மா பணம் போடுவாங்க?"

முப்பது லாரியா! பயிருக்கு ஏழு மாதம்தான் ஆகிறது. கிழங்கு இன்னும் பிஞ்சு. விருந்தாளி வருகிறார் என்று அடைகாக்கிற முட்டையை உடைத்துக் குஞ்சைக் காட்டுகிற வேலை இது. முள்ளக்கா வாயைத் திறப்பதற்குள் அவர் முடித்துவிட்டார்: "விலை முழுசா நான் குடுத்துடறேன், விவசாயிங்களுக்கு நஷ்டமில்ல. நீ மட்டும் இருபத்தஞ்சுக்குக் குறையாம சொல்லிடு."

"முள்ளு என் பேச்சைக் கேக்காது சார்."

"கேக்க வைம்மா. பதினோரு வருஷமாப் பழகியிருக்கியே."

வீட்டுக்கு வந்தால் அங்கே அதைவிடக் கூத்து. அவள் கணவரை ஊரே அவசரக் குடுக்கை என்றுதான் சொல்லும். பேருந்து எட்டு மணிக்கு என்றால் ஆறு மணிக்கே போய் நிற்பார், அதுவும் தப்பான நிறுத்தத்தில். கிழங்கு வேண்டும் என்று மேலாளர் சொல்லி அனுப்பிய அன்றே ஆளைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கள் வயலில் முக்கால் ஏக்கரைத் தோண்டிவிட்டிருந்தார்.

"என்னங்க, என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"உனக்கு நிரந்தர வேலைன்னு சொன்னாரும்மா. அப்புறம் நான் யோசிக்கணுமா?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் சங்கடம். அவளுக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது, உயிரைக் கொடுத்தாவது வேண்டியிருந்தது. முள்ளை ஏற்றுவதும் பெரிய வித்தை இல்லை. கூடை தண்ணீரில் தொங்கும்போது சுண்டு விரலால் கம்பியை லேசாக அழுத்தினால் பதினேழு இருபத்தைந்தாகிவிடும். எதிரில் நிற்கிற ஆளுக்குக்கூடத் தெரியாது.

குறித்த நாளில் நிதியின் சார்பாக ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சேறு படியும் என்று தெரிந்தே ரப்பர் பூட்ஸ் கொண்டு வந்திருந்தாள். நம் மொழியையே பேசினாள். முற்றத்தில் மலைபோல் குவிந்திருந்த கிழங்கைப் பார்த்தாள், படம் எடுத்தாள். மேலாளருக்கு முகமெல்லாம் பல். நேராகக் கொட்டகைக்கு வந்து, "ஒரு லாரியை எனக்காகச் சோதிச்சுக் காட்டுங்களேன்" என்றாள்.

மேலாளர் கையைக் காட்டிய லாரி, வேறு யாருடையது? அவசரக் குடுக்கையுடையதுதான். கட்டிய மனைவி சொந்தச் சரக்கைக் குறைத்துச் சொல்வாளா என்ற கணக்கு அவருக்கு. கணவர் வண்டிமேல் ஏறி நின்று இவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முள்ளக்கா நாலு இடத்தில் கிழங்கு எடுத்தாள். சுரண்டினாள், நறுக்கினாள், நிறுத்தாள், கூடையை இறக்கினாள். முள் நடுங்கிக் கீழே இறங்கியது. சுண்டு விரல் கம்பிக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அப்போது நிமிர்ந்து பார்த்தாள். முப்பது லாரிக்காரர்களும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாங்கள் கொண்டு வந்தது பிஞ்சு என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? இன்றைக்கு ஏழு மாதக் கிழங்குக்கு இருபத்தைந்து என்று கத்தினால், நாளைக்குப் பத்து மாதக் கிழங்குக்கு இருபத்திரண்டு என்று சொல்லும்போது ஒருவன் நம்புவானா? நிரந்தர வேலை கிடைக்கும், ஆனால் அந்த வேலையில் உட்கார்ந்து அவள் சொல்கிற எந்த எண்ணுக்கும் மதிப்பிருக்காது. விரலை எடுத்தாள்.

"பதினே...ழு!"

கடைசி லாரிவரை கேட்டது. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. கணவர் வண்டியிலிருந்து இறங்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார்.

"எங்ககிட்ட குடுத்த அறிக்கையில இருபத்தாறுன்னு இருக்கே?" என்றாள் வந்தவள்.

"அறிக்கை பொய்யில்லங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க, இதே வயல்ல இருபத்தாறு காட்டறேன். நீங்க வர்றீங்கன்னு பிஞ்சுலயே புடுங்கிட்டாங்க. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

"அப்ப இப்ப ஆலைக்குக் கிழங்கே இல்லையா?"

"வருஷத்துல அஞ்சு மாசம் இருக்காது."

"அப்புறம் ரெண்டாவது ஆலை எதுக்கு?"

மேலாளர் இருமினார். முள்ளக்காவுக்கு இனிமேல் போவதற்கு ஒன்றுமில்லை. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டாள்.

"அதைத்தான் நானும் கேக்கறேன். இருக்கற ஆலையே அஞ்சு மாசம் தூங்குது. இன்னொண்ணு கட்டினா ரெண்டும் சேர்ந்து தூங்கும். மழையை மட்டும் நம்பி நடறதாலதான் எல்லாரும் ஒண்ணா நடறோம். கிணறும் மோட்டாரும் இருந்தா பாதிப் பேர் ஆறு மாசம் தள்ளி நடுவாங்க. அதுக்குப் பணம் போட ஆள் இருக்கா, சொல்லுங்க."

வந்தவள் ஒரு நோட்டை எடுத்தாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கூடையை இன்னும் மூன்று முறை இறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மேலாளர் முள்ளக்காவைத் திரும்பிப் பார்க்காமலே மாடி ஏறிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆலை பெரிதாக வேண்டும் என்று பத்து வருஷமாகக் கனவு கண்டவர். அந்தக் கனவைத் தன் கொட்டகையில் வைத்து ஒருத்தி போட்டு உடைத்துவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க மனசு வருமா?

சீசன் தொடங்கியது. முள்ளக்காவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. மேலாளரின் மச்சான் தராசில் உட்கார்ந்திருக்கிறான், வாய்க்குள்ளேயே எண்ணைச் சொல்கிறான், வாசலில் தினம் இரண்டு சண்டை என்று கேள்விப்பட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷத்தை வைத்து அடுப்பெரிக்க முடியாது. அவள் களை பிடுங்கப் போனாள். கணவர் அந்த மூன்று வாரமும் எதற்கும் அவசரப்படவில்லை. அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

நாலாவது வாரம், ஒரு மத்தியானம், மேலாளரே வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"அந்தம்மா சொல்லாம கொள்ளாம நேத்து வந்துட்டாங்க. நீ சொன்ன அதே வயல். முக்கால் ஏக்கர் போக மீதி நின்னுச்சே, அதைத் தோண்டிச் சோதிச்சாங்க."

"எத்தனை?"

"இருபத்தாறரை." அவர் வாசல் படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பங்கு வாங்கறாங்கம்மா. ஆனா ரெண்டாவது ஆலை கிடையாதாம். கிணத்துக்கும் மோட்டாருக்கும் நடற குச்சிக்கும்தான் பணமாம். நாளைக்கே நீ தராசுக்கு வரணும். மச்சானை அனுப்பிட்டேன்."

முள்ளக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். பெரிய ஆலை இல்லையென்றால் நிரந்தர வேலையும் இல்லை. அதுதானே பேச்சு? பரவாயில்லை, இந்த சீசனாவது கிடைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, எப்போதும்போல நிமிர்ந்தே கேட்டாள்.

"வர்றேன் சார். ஆலை ஓடாத மாசத்துக்கு இப்பவே வேற வேலை பார்த்து வச்சுக்கணும். என்னிக்குப் பூட்டுவீங்கன்னு மட்டும் முன்னாலயே சொல்லிடுங்க."

மேலாளர் அவளைப் புரியாமல் பார்த்தார்.

"என்னம்மா நீ, யோசனை சொன்னவளே நீதானே? ஆறு மாசம் தள்ளி நட்டா கிழங்கு வருஷம் பூரா வருமே. இனிமே ஆலை ஓடாத மாசமே கிடையாது."

அவள் அதை அப்படி யோசித்துப் பார்த்ததே இல்லை. ஆலைக்குத்தான் வழி சொன்னாளே தவிர, அந்த வழியில் தானும் வருவோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பதினோரு வருஷமாக யார் முன்னாலும் கலங்காதவள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். எதிரில் நின்ற மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.