மூலைக்குப் பேர் வை

என் அக்கா கமலாதேவி இறக்கக்கண்டிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். சோதனையில் பெயிலாகி அழுகிற பிள்ளைக்கு அவள் ஆறுதல் சொல்லமாட்டாள். "எதில விழுந்தாய்?" என்றுதான் முதலில் கேட்பாள். கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அறுபதுகளின் நடுவில் அவளே பத்தாம் வகுப்பு முடிவில் எழுதுகிற ஓ.எல். சோதனையில், கணக்கில் பெயில். மற்றப் பாடமெல்லாம் பாஸ். கணக்கு இல்லாமல் ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பிக்கவே ஏலாது. அவளுக்கோ ரீச்சராவதைத் தவிர உலகத்தில் வேறொன்றும் வேண்டாம். நிலாவெளியில் கரைவலை இழுக்கிற எங்கள் அப்பா தம்பையா முடிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னொருக்கா எழுது புள்ள. அதிலயும் கோட்டை விட்டா தையல் பழகப் போ. பிறகு என்னோட கதைக்கக் கூடாது."

அக்கா அழவில்லை. கோபம்தான் வந்தது, தன் மேலேயே. தேற்றங்களையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பாளே! "எதில விழுந்தன் எண்டு பாக்கிறன்" என்று வினாத்தாளை எடுத்து விரித்தாள். இருசமபக்க முக்கோணி. அவள் பாடமாக்கியது ஏ, பி, சி என்று மூலைக்குப் பேர் வைத்த படத்தை. தாளில் இருந்ததோ பி, கியூ, ஆர். அதுவும் தலைகீழாக. முன்பின் தெரியாத ஆளைக் கண்டதுபோல் மிரண்டு, ஒரு வரியும் எழுதாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"பாடமாக்கினனான். படிக்கேல்ல" என்றாள்.

அந்த வருசம் ஓ.எல். எழுத இருந்தது என் வகுப்பு. அடுத்த கிழமையே அதில், எனக்குப் பக்கத்து வாங்கில் வந்து குந்தினாள். எனக்கு மானம் போயிற்று. "கிழவி வந்திட்டா" என்று பெட்டைகள் சிரித்தார்கள். அக்கா திரும்பியும் பார்க்கவில்லை.

பின்னேரம் வலை கரையேறியதும் ஈரமணலில் தடியால் முக்கோணி கீறுவாள். "புஸ்பராணி, மூலைக்குப் பேர் வை!" என்பாள். நான் எரிச்சலில், "தோணி, நண்டு, பேய்" என்பேன். "சரி. தோணிக் கோணமும் பேய்க் கோணமும் சமன். ஏன்?" என்று தன்னையே கேட்டு, காரணத்தை வரிவரியாய்ச் சொல்லி முடிப்பாள். அலை வந்து அழித்தால் குப்புறக் கீறுவாள், சரித்துக் கீறுவாள். விசர் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். எனக்கு அந்தக் கூத்தெல்லாம் எதற்கு? ஏ, பி, சி படத்தை நான் நன்றாகப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

இரண்டு பேரும் ஒன்றாய்ச் சோதனை எழுதினோம். பெறுபேறு வந்த அன்று அப்பா இழுத்த வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தார். அக்கா பாஸ். அப்பா தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்தார். "கலாசாலை எங்க இருந்தாலும் பறவாயில்ல புள்ள. நானே கொண்டுபோய் விடுறன்" என்றார்.

நானா? கணக்கில் பெயில். குசினியில் அடுப்பு மூலையில் முகத்தைப் பொத்திக்கொண்டு, இனிப் பள்ளிக்கூடப் பக்கமே போகமாட்டேன் என்று கத்தினேன். அக்கா வந்து முன்னால் நின்றாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் கடித்திருப்பேன்.

"எதில விழுந்தாய்?"

"என்னை விடுங்க அக்கா!"

அவள் விடவில்லை. கையில் அந்தத் தடி.

"எழும்பு. இந்த முறை மூலைக்குப் பேர் நான் வைக்கிறன்."