ஆரஞ்சுப் பூவும் என் மூக்கும்

எங்கள் வீட்டில் மூக்கு என்றால் அது என் மூக்குதான். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமில்லை.

ஜெயங்கொண்டத்தில் அம்மா ஊதுவத்தி செய்து கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது ஆரஞ்சுப் பூ வத்தி. அதில் பூவெல்லாம் கிடையாது. ஏதோ கம்பெனியில் தயாரித்த செண்டு, சின்னப் புட்டியில் வரும். பொல்லாத சரக்கு. எண்ணெயில் அளவாகக் கலந்து வத்தியை நனைத்தால் தெருவே மணக்கும். கொஞ்சம் கூடினாலோ அந்துருண்டை நாற்றம்தான்.

நான் ஏழாவது படித்தபோது, கொரோனா சமயத்தில், அம்மா காய்ச்சலில் விழுந்து எழுந்தாள். அதற்குப் பிறகு அவள் கலந்த வத்தியைக் கடைக்காரர் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

"பீரோவத் தொறந்த மாதிரி அடிக்குதுங்க. இன்னொரு தடவ இப்படி வந்தா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்றார்.

மறுநாள் செண்டு கலந்த எண்ணெயில் ஒரு காகிதத் துண்டை நனைத்து என்னிடம் நீட்டினாள். "இந்தா, மோந்து பாத்து சொல்லு."

"அந்துருண்டை."

இன்னும் எண்ணெய் ஊற்றினாள். "இப்ப?"

"தலைய வலிக்குதும்மா."

மறுபடி ஊற்றினாள். இந்த முறை எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பூ வந்துடுச்சும்மா!"

அவள் காகிதத்தை வாங்கி, கண்ணை மூடி, வெகுநேரம் மூக்கில் வைத்திருந்தாள். "ஆமா, சரியா சொல்லிட்ட" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா எனக்குப் பரீட்சை வைக்கிறாள், நான் பாஸாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பால் தீய்ந்தபோதும், அடுப்பை ஒட்டி வத்தி உருட்டிக்கொண்டிருந்த அவள் எழவே இல்லை; வாசலிலிருந்து நான்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தேன்.

"என்னம்மா நீ, இதுகூடத் தெரியல?"

"அதான் நீ இருக்கியே" என்று சிரித்தாள்.

புது வத்தியைக் கொளுத்திப் பார்த்த கடைக்காரர், "பழைய கை திரும்பிடுச்சுங்க" என்றார். கை இல்லை, என் மூக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். பேரை அவளே தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்று எனக்கு ஒரே கோபம்.

அந்தக் காய்ச்சலோடு அவளுக்கு வாசனை தெரிவதே நின்றுபோயிருந்தது. செண்டு போடுகிறவளுக்கு மூக்கில்லை என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்? அந்த வத்தி முழுவதையும் அவள் என் ஒரு வார்த்தையை நம்பித்தான் போட்டாள். அது தெரியாமலே நான் தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.