நாயகி அக்கா சொன்ன சாட்சி

செய்தி வாட்சப்பில் வந்தது. கோவில் நிர்வாகக் குழுவினர் மாலை போட்ட படமொன்றைப் போட்டு, "அன்பே உருவானவர், எவர் மனமும் நோகாமல் பழகியவர், எங்கள் நாயகி அக்கா இறைவனடி சேர்ந்தார்" என்று எழுதியிருந்தார்கள். அழுதேன். அழுதுகொண்டே சிரித்தும் விட்டேன். எவர் மனமும் நோகாமல் பழகியவராம்! அந்தக் குழுவில் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரையும் முகத்துக்கு நேரே ஏசியவர் அவர். ஏச்சு வாங்கத் தகுதியில்லாத ஒருவரும் அதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாயகி அக்கா ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஹவுன்ஸ்லோவில் ரோல்ஸ், பற்றிஸ், வடை என்று சிற்றுண்டிகள் செய்து கடைகளுக்குக் கொடுப்பார். கலியாண வீடுகளுக்கும் கோவில் அன்னதானத்துக்கும் சமைப்பார். கைராசிக்காரி என்பார்கள். வாய் மட்டும் பொல்லாதது என்பார்கள். பெரிய மனிதர்கள் என்று நாங்கள் எழும்பி இடம் கொடுக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஒரு பக்கத்து உதடு கோணும். அது அவருடைய கும்பிடு.

என் கணவர் குணம், ஹவுன்ஸ்லோவில் ஒரு தமிழ்க் கடையில் வேலை செய்தார். எங்கள் வீடு கோலியர்ஸ் வுட்டில். மரக்கறி லொறி விடிவதற்கு முன்னரே வந்துவிடும் என்பதால், கிழமையில் பாதி நாள் கடையின் பின்னறையிலேயே படுத்துக்கொள்ளும்படி முதலாளி சொல்லியிருந்தார். குளிருக்கு ஒரு பழைய காஸ் ஹீட்டரும் கொடுத்திருந்தார். "ஒரு மனுசி விடிய வந்து என்னை ஏசிப்போட்டுப் போகும். ஆனா ரெண்டு ரோல்ஸ் கூட வைச்சிட்டுப் போகும்" என்று குணம் சொல்லுவார். நாயகி அக்காவைப் பற்றி நான் முதன்முதல் கேள்விப்பட்டது அப்படித்தான்.

ஒரு மாரிகாலக் காலையில் குணம் அந்த அறையில் இறந்து கிடந்தார்.

இந்த நாட்டில் ஒருவர் இப்படித் திடீரென்று இறந்தால், மரண விசாரணை அதிகாரி காரணம் அறிந்த பிறகுதான் உடலைத் தருவார். அவருடைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி எனக்குத் தொலைபேசி எடுத்தார். உடலைப் பரிசோதிக்க வேண்டும், பிறகு விசாரணை ஒன்று நடக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். என் கணவர் எப்படிப்பட்டவர், என்ன நோய் வருத்தம் இருந்தது என்றெல்லாம் கேட்டார். முன்பின் தெரியாத அந்த மனுசி கேட்டதை எங்கள் ஆட்களில் ஒருவரும் கேட்கவில்லை. செத்தவீட்டுக்கு மண்டபம் எடுத்தாயிற்று, உடல் எப்போது வரும் என்பதுதான் அவர்களுடைய கவலை.

அதைவிடப் பெரிய கவலை முதலாளிக்கு. அவர் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, இந்துக்களின் உடலை வெட்டுவது எங்கள் சமயத்துக்கு ஆகாது, அப்படியே தந்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் மரியாதையாக மறுத்துவிட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட நாயகி அக்கா, "ஆட்டை வெட்டி விக்கிறவனுக்கு இப்பதான் சமயம் ஞாபகம் வந்ததோ?" என்றார்.

அன்றைக்கு அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தார். முன்னறையில் முதலாளியும் கோவில் பெரியவர்களும் கூடியிருந்தார்கள். சாப்பாடு பரிமாறுகிற பெண்ணை எங்கள் பெரியவர்கள் ஆளாகக் கணக்கெடுப்பதில்லை. அதனால் அவர் முன்னாலேயே முதலாளி வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, உங்கள் ரெண்டு பேருக்கும் சண்டை எண்டு சொல்லுங்கோ. கோவிச்சுக்கொண்டு வந்து ஆருக்கும் தெரியாமல் கடையில படுத்தவர் எண்டு சொன்னால் பிரச்சினையில்லாமல் முடிஞ்சிடும். உங்களை நாங்கள் பாப்பம்."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். அதுதான் நல்லது என்றார் ஒருவர். குணம் என்னாலே மனம் நொந்து செத்தார் என்று என் பிள்ளைகள் காலமெல்லாம் நம்ப வேண்டும். அது அவர்களுக்கு நல்லதாம்.

நாயகி அக்கா கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டார். "அப்ப இவ்வளவு காலமும் ஒவ்வொரு கிழமையும் கோவிச்சுக்கொண்டே வந்து படுத்தவர்?" என்று கேட்டார்.

முதலாளி தேத்தண்ணீர் கேட்டார். "எழும்பிப் போய் ஊத்திக் குடியுங்கோ" என்றார் அக்கா.

விசாரணைக்குப் பல மாதங்கள் எடுத்தன. அதற்குள் கதை ஊரெல்லாம் போய்விட்டது. நான் குணத்தை வீட்டை விட்டுத் துரத்தினேனாம். அவர் வேண்டுமென்றே ஹீட்டரைப் பற்றவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாராம். எட்மண்டனில் இருக்கிற என் மச்சாள்கூட அதை நம்பினார். பரிசோதனையில் நச்சுப் புகைதான் காரணம் என்று தெரிந்திருந்தது. அவர் ஏன் அங்கே படுத்தார், தானாக உயிரை விட்டாரா என்பதுதான் மிச்சக் கேள்வி. கடையில் வேலை செய்த மற்றவர்கள் முதலாளி சொன்னதையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நாயகி அக்கா தானாகவே அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சாட்சி சொல்ல வருவதாகச் சொன்னார். கோவிலிலிருந்து ஆள் போய், அன்னதானச் சமையல் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்கள். பக்குவமாகச் சொன்னவருக்கு என்ன பதில் கிடைத்தது என்பதை இங்கே எழுத முடியாது.

விசாரணை அன்று நான் அக்காவிடம், முதலாளியைப் பிடித்து மறியலில் அடைத்துவிடுவார்களா என்று கேட்டேன். "இது தண்டிக்கிற இடமில்லை, தேவி. என்ன நடந்தது எண்டு கேக்கிற இடம்" என்றார் அக்கா. "எங்கடை ஆக்கள் அதுக்குத்தான் கூடப் பயப்பிடுவினம்."

முதலாளி நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு வந்து, கீதையில் கை வைத்துச் சத்தியம் செய்து, குணம் அங்கே படுப்பது தனக்குத் தெரியவே தெரியாது என்றார்.

பிறகு நாயகி அக்கா சாட்சிக் கூண்டில் ஏறினார். தான் விடிய ரோல்ஸ் கொண்டுபோகும்போது இடுப்பில் சாரத்தோடும் வாயில் பிறஷ்ஷோடும் பின்கதவைத் திறக்கிறவர் குணம் என்றார். தலையிடிக்கிறது என்று குணம் சொன்னதையும், தான் முதலாளியிடம் போய் அந்த ஹீட்டரை எறியச் சொன்னதையும் சொன்னார். "அதற்கு அவர் என்ன சொன்னார்?" என்று அதிகாரி கேட்டார்.

"அவன் ஊரில மண்ணெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில படுத்தவன், அவனுக்கு ஒண்டும் செய்யாது எண்டு சொன்னவர்."

மொழிபெயர்க்க வந்த பெண் ஒரு கணம் தயங்கினாள். "அப்பிடியே சொல்லு பிள்ளை" என்றார் அக்கா. அவள் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனையை வைத்துவிட்டு முதலாளியைப் பார்த்தார்.

அந்த மரணம் விபத்து என்று முடிவாயிற்று. குணம் கடைக்காரர் அறியவே அங்கே படுத்து வந்தார் என்றும், உயிரை விட நினைத்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை என்றும் அதிகாரி என்னைப் பார்த்துச் சொன்னார். யாரில் குற்றம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கோவில் சமையல் போனது. கலியாணச் சமையல் ஓடர்களும் ஒவ்வொன்றாகப் போயின. கோவில் பெரியவர்கள் வழியில் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். அக்கா விமான நிலையத்துக்குப் பக்கத்து வேலைத்தலங்களுக்கு ரோல்ஸ் விற்றார். "போலந்துக்காரர் திண்டிட்டு நன்றி சொல்லுறாங்கள். எங்கடையள் திண்டிட்டு உப்புக் காணாது எண்டுதானே சொல்லும்" என்றார். கடைசியில் நோயாகப் படுத்தபோது நான் தேங்காய்ப்பாலில் சொதி வைத்துக் கொண்டுபோவேன். ஒரு கரண்டி குடித்துவிட்டு, "அரிசி கழுவின தண்ணியைச் சூடாக்கிக் கொண்டந்தனியோ?" என்பார். முழுவதையும் குடித்தும் விடுவார்.

நேற்று அவரை எரியூட்டினோம். முகத்தைத் திருப்பியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அக்காவின் பிள்ளைகள் கேட்டதால் நான் பெட்டியடியில் நின்றேன். ஒவ்வொருவராக வந்து பூப்போட்டார்கள். முதலாளியும் வரிசையில் வந்தார். "நல்ல மனுசி. ஆரையும் நோகடிக்காதவ" என்றார் என்னிடம்.

"அவவுக்கு உங்களைக் கண்ணிலையும் காட்டக்கூடாது. போய் இருங்கோ" என்றேன்.

குரலைத் தாழ்த்தாமல்தான் சொன்னேன். வரிசை அப்படியே நின்றது. அவர் கையிலிருந்த பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

போய் வாருங்கள் அக்கா. அப்பா எப்படி இறந்தார் என்று யாராவது கேட்டால், என் பிள்ளைகள் அதை முழுதாகச் சொல்லுகிறார்கள்.