மானே என்ற பெயர்

ஆறாம் வகுப்பில் புதிதாக வந்த டீச்சர் வருகைப் பதிவேட்டில் என் பெயரோடு இருந்த 'மானே'யையும் சேர்த்துப் படித்ததும் வகுப்பே சிரித்தது. யாரோ என்னைக் கொஞ்சிக் கூப்பிடுவதுபோல் இருந்தது அது. மாலையில் அழுதுகொண்டே அப்பாவின் பஞ்சர் கடைக்குப் போனேன். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய கடை. அப்பா டயரைச் சாய்த்து வைத்துவிட்டு, "அது எங்க வூட்டுப் பேரு பாப்பா. நீங்க மானம்னு சொல்றீங்கல்ல, அதான்" என்றார்.

அப்பா மராட்டியர். லாரி ஓட்டி வந்தவர், தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி கவிழ்ந்து காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த தன் அண்ணனைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மா, இவருக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்தார். கல்யாணச் செய்தி கேட்டதும் ஊரிலிருந்து பெரியப்பாவின் கடிதம் வந்தது: நம் பெயரைச் சொல்லிக்கொண்டு இந்தப் பக்கம் வராதே. அப்பா போகவில்லை. ஆனால் என்னைப் பள்ளியில் சேர்த்தபோது அந்தப் பெயரையும் சேர்த்தே எழுதச் சொன்னார்.

பிறகு நான் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தேன். உடன் வேலை செய்த கன்னடக்காரப் பெண் ஆங்கில எழுத்தில் என் பெயரைப் பார்த்து 'மனே' என்று படித்தாள். "எங்க பாஷையில மனேன்னா வீடுங்க" என்றாள். அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "வூடு" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டு, வடக்கே போகும் லாரிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு தடவ போயிட்டு வரலாம்ப்பா."

"அண்ணன் கூப்புடட்டும் பாப்பா."

கூப்பிடவில்லை. போன வருடம் அப்பா இறந்துபோனார். அவர் பெட்டியில் அந்தக் கடிதம் பத்திரமாக இருந்தது. அதிலிருந்த முகவரிக்கு அப்பா இறந்ததை எழுதினேன், பதில் இல்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு நானே புறப்பட்டேன்.

அப்பாவின் ஊரில், அந்த முகவரி வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு இருந்த அதே நெற்றி. யார் என்று, அப்பா எனக்குச் சொல்லித்தந்த மராத்தியில் கேட்டார். "மானே" என்றேன். எந்த மானே, இங்கே எல்லாருமே மானேதானே என்றார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். நான் எழுதிய கடிதம் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது அவர் முகம் மலர்ந்ததில்தான் தெரிந்தது. பெரியப்பா அவசரமாக எழுந்து என்னை விலக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார். "அவன் எங்கே?" என்று கேட்டபடி, எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

மராத்தி தெரியாத அம்மாவுக்கும் அது புரிந்தது.